ஹோமப் புகையும் பதினான்கு அடித் தொட்டியும்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த பம்ப் நல்லது, சார்?" மனம் நோகக் கூடாதே என்று நானும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவைக்கிறேன். உண்மை வேறு. பினாங்கு ஜார்ஜ் டவுனில் வீடு வீடாகப் போய் மீன்தொட்டி அமைத்துக் கொடுத்த அத்தனை வருடங்களில் எந்த பம்பும் என் காலை வாரிவிட்டதில்லை. வாரிவிட்டதெல்லாம் நானேதான். இதை ஒப்புக்கொள்ள ஓய்வு பெற வேண்டியிருந்தது. தொழிலில் இருக்கும்போது ஒப்புக்கொண்டால் அடுத்த வீட்டுக்காரர் கேட்டைத் திறக்க மாட்டார்.

கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், குழாய் எத்தனை அங்குலம் என்பதெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எனக்கே அதில் பாதி மறந்துவிட்டது. நான் சொல்ல வந்தது, எண்பதுகளின் நடுவில், தண்ணீர்மலை அடிவாரத்து வீடு ஒன்றில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அரை நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நான் சும்மா நின்றதைப் பற்றி. என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல வேலை அதுதான்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை ராஜினாமா எழுதிக் கொடுத்து மீன்தொட்டிக் கடை வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களில் இது எப்படிப்பட்ட குற்றம் என்பதை உங்களில் சிலருக்கு விளக்க வேண்டும். எங்கள் வீடுகளில் ஆண் குழந்தை பிறந்தால், ஆயுள் எவ்வளவு என்று ஜோசியரிடம் கேட்பதற்கு முன்பே பென்ஷன் உண்டா என்று கேட்பார்கள். என் மாமனாரோ ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. திருநீறு பூசாமல் தபாலைக்கூடப் பிரிக்காத சைவர். மகளை அரசாங்க உத்தியோகத்தனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒரு நாள் கண் விழித்துப் பார்த்தால், மருமகன் மீன்காரன்.

நான் விற்பது குழம்பில் போடும் மீன் இல்லை என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அதனால் நிலைமை இன்னும் மோசமானது.

"தின்னிற மீன் எண்டாலும் ஒரு ஞாயம் இருக்கு. தின்னாத மீனை ஆர் காசு குடுத்து வாங்குவினம்?" என்றார்.

உறவினர்களிடம் மட்டும், மருமகன் 'வாட்டர் எஞ்சினியரிங்' பக்கம் போய்விட்டார் என்று சொல்லிவைத்திருந்தார். கேட்டவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று என்னைத் தேடி வந்தார்கள். கடை ஓடிய ஓட்டத்தில் நான் அதையும் பழுது பார்த்துக் கொடுத்தேன்.

இந்த நிலையில் மாமனாரின் பழைய சிநேகிதர் ஒருவர், கடலுக்கு அக்கரையில் ஜுருவில் ஒரு தொழிற்சாலைக்கு நிர்வாகி, தன்னுடைய ஸ்டோரில் குமாஸ்தா வேலை ஒன்று காலி இருப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் மாமா அதை எடுத்தார்.

"உமக்குப் பல் டாக்டர் வீட்டு வேலை ஒண்டு வந்திருக்காம். அது ஒழுங்கா முடிஞ்சால் நான் இனி வாயே திறக்கேல்லை. பிழைச்சால், முதலாம் தேதி நீர் ஜுருவுக்குப் போறீர். சரியோ?"

நான் சரி என்றேன். சோற்றில் கை இருக்கும்போது மனிதன் எதற்கும் சரி என்பான். என் மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்பா சொல்லுறது ஞாயம்தான். ஆனால் இவரை ஸ்டோரில இருத்தினால் அந்த ஸ்டோரும் உருப்படாது" என்றாள். அவள் எனக்குத் தந்த ஆதரவு எப்போதும் இந்த வடிவத்தில்தான் வரும்.

பல் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுப் பெண்மணி. அவருடைய கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மூன்றடித் தொட்டி ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தேன். மீனைப் பார்த்துவிட்டு உள்ளே வருபவர்கள் கொஞ்சம் குறைவாகக் கத்துகிறார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் புது வீடு கட்டியதும் என்னைக் கூப்பிட்டு, ஹாலையும் சாப்பாட்டு அறையையும் பிரிக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கிளினிக்ல வச்சீங்களே தம்பி, அதே மாதிரி இங்க ஒண்ணு வேணும்."

"மூணு அடியா, டாக்டர்?"

"இந்த இடம் எத்தன அடி?"

அளந்தேன். பதினான்கு.

"அப்ப பதினாலு அடி" என்றார். பல்லைப் பிடுங்குவது என்று முடிவெடுத்துவிட்ட குரல். அதற்கு மேல் நோயாளி பேசுவதற்கில்லை.

பதினான்கு அடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். தண்ணீர் மட்டும் மூன்றரை டன். பினாங்கில் ஒரு வீட்டுக்குள் அவ்வளவு பெரிய தொட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால் எனக்கே தெரியாத ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளும் துணிச்சல் வந்தது. கண்ணாடி வேலைக்கு வேலு அண்ணன். சுங்கை பினாங் குடியிருப்புக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கண்ணாடியைத் தட்டிப் பார்த்தே அதன் குணத்தைச் சொல்லக்கூடியவர். வடிகட்டி என் பொறுப்பு. இப்போது நீங்கள் மூட்டை மூட்டையாக வாங்கும் பிளாஸ்டிக் பந்துகள் எனக்கு அன்று கிடைக்கவில்லை. தண்ணீர் சொட்டிச் சொட்டி இறங்க, நல்ல கிருமிகள் ஒட்டி வாழ, ஓட்டை ஓட்டையாக ஏதாவது வேண்டும். பெண்கள் முடி சுருட்டப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் உருளை அதற்குப் பொருத்தமாக இருந்தது. கடை கடையாக ஏறி அதை நூற்றுக்கணக்கில் வாங்கினேன். அந்த வயதிலேயே எனக்கு முன்மண்டை வெறுமையாகிவிட்டது. கடைக்காரர்கள் என் தலையைப் பார்ப்பார்கள், உருளைகளைப் பார்ப்பார்கள், பிறகு ஒன்றும் கேட்காமல் பொட்டலம் கட்டுவார்கள்.

உருளைகள் நிறைந்த பெரிய பிளாஸ்டிக் வாளிகளும், தொட்டிக்கும் வாளிகளுக்கும் காற்றைத் தள்ளும் புளோயரும் தொட்டிக்கு அடியில் ஒரு மர அலமாரிக்குள் அடங்கின. அலமாரிக் கதவு ஹாலைப் பார்த்திருந்தது. புளோயர் அங்கிருந்துதான் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று நான் யோசிக்கவே இல்லை. காற்று என்றால் காற்றுதானே என்று இருந்துவிட்டேன்.

ஆறு வாரம் தண்ணீரை ஓட்டிப் பழக்கினோம். பிறகு மீன்களை விட்டோம். இரண்டு கெலிசா, அதாவது நீங்கள் அரோவானா என்று சொல்வது. பன்னிரண்டு வெள்ளிச் சுறா; பெயரில் மட்டும்தான் சுறா. முப்பது லம்பாம், இந்த ஊர் ஆற்றுக் கெண்டை. ஆக மொத்தம் நாற்பத்து நான்கு. பத்து நாள் எல்லாம் அழகாக நடந்தது. பொதுவாக எனக்கு ஆபத்து தொடங்குவது இந்த இடத்தில்தான்.

புதுமனை புகுவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு குருக்கள் வந்து, ஹோமகுண்டம் வைக்க வாசலோரம் ஓர் இடத்தைக் காட்டினார். எனக்குச் சுருக்கென்றது. அங்கே ஹோமம் நடந்தால் வந்திருப்பவர்கள் அத்தனை பேரின் முதுகும் என் தொட்டிக்குக் காட்டப்படும். ஊரில் இருக்கும் டாக்டர்களும் வக்கீல்களும் ஒரே கூரையின் கீழ் உட்காரப் போகும் ஒரே நாள். அவர்கள் இரண்டு மணி நேரம் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

நான் கொஞ்சம் படிப்பவன். படித்ததைத் தவறான இடத்தில் பயன்படுத்தும் பழக்கமும் உண்டு. "குருக்களையா, பஞ்சபூதத்தில நெருப்பும் நீரும் நேருக்கு நேர் இருந்தால் வீட்டுக்கு விசேஷம் இல்லையோ? குண்டத்தை இந்தத் தொட்டிக்கு முன்னுக்கு வைச்சால் என்ன?" என்று கேட்டேன்.

குருக்கள் தொட்டியைப் பார்த்தார். ஒரு கெலிசா திரும்பியது. வெளிச்சத்தில் அதன் செதில்கள் பளபளத்தன.

"சாஸ்திரத்தில அப்படி வைக்கச் சொல்லியும் இல்லை. வைக்க வேண்டாம் எண்டு சொல்லியும் இல்லை" என்றார். "ஆக்கள் இருக்கவும் இங்க இடம் கூட. வைப்பம்."

அலமாரிக் கதவுக்கும் ஹோமகுண்டத்துக்கும் இடையில் ஐந்தடி. அந்த ஐந்தடியை நானே அளந்து, சுண்ணாம்புக்கட்டியால் கோடும் போட்டுக் கொடுத்தேன்.

விழா அன்று காலை ஆறு மணிக்கு ஹோமம் தொடங்கியது. முந்தின இரண்டு நாளும் மழை, விறகில் ஈரம். குருக்கள் நெய்யை விட்டு விசிற விசிற, புகை மேலே போகாமல் தாழ்வாகச் சுற்றியது. டாக்டரும் அவர் கணவரும் விரலில் தர்ப்பை அணிந்து குண்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் என் மாமனார், பட்டு வேட்டியில். அவர் பக்கத்தில் ஜுரு நிர்வாகி. நான் தொட்டியின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாதவன் போலவும் எல்லார் கண்ணிலும் படும்படியும் நின்றுகொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"அக்கா, அங்க பாருங்க. மீனெல்லாம் மேல வந்து சாமி கும்புடுது."

"ஆமாலா. வாயைத் தொறந்து தொறந்து மந்திரம் சொல்லுது பாரு."

"குடுத்து வச்ச மீனுங்க."

இரண்டு மூன்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஜுரு நிர்வாகி என் மாமனாரிடம் குனிந்து ஏதோ சொன்னார். மாமா முகத்தில் லேசாக, மிக லேசாக, ஒரு திருப்தி. நான் திரும்பித் தொட்டியைப் பார்த்தேன். லம்பாம்கள் அத்தனையும் தண்ணீர் மட்டத்தில் மூக்கை வைத்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

வேலு அண்ணன் பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, அது சாமி கும்புடல லா. மூச்சு வாங்குது."

"தெரியுது அண்ணே. மெதுவாப் பேசுங்க."

"பாதித் தண்ணிய எறக்கிட்டுப் புதுத் தண்ணி விட்டுருவோம். பைப்ப தொறக்கவா?"

தொறங்க என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும். ஆபத்து என்றால் கை பரபரக்கும். எதையாவது திறக்க வேண்டும், மூட வேண்டும், மாற்ற வேண்டும். பக்கத்தில் இருப்பவரும் அதைத்தான் சொல்வார். சும்மா நிற்பவனுக்குத் தொழில் தெரியாது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் எங்கள் குழாய்த் தண்ணீரில் குளோரின். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் மீன்மேல் அதைக் கொட்டினால், காரணம் தெரியாத ஒரு சாவுக்குப் பதிலாகக் காரணம் தெரிந்த ஒரு சாவு கிடைக்கும். எனக்குக் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான்.

"அரை நிமிஷம் பொறுங்க அண்ணே" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டாவிட்டால் அது ஏதாவது செய்துவிடும்.

பார்த்தேன். புளோயர் ஓடுகிறது. தொட்டியின் இடது கோடியில் குமிழிகள் வழக்கம்போல் திரை மாதிரி எழுகின்றன. மூச்சு முட்டும் மீன் என்ன செய்யும்? குமிழி இருக்கும் பக்கம் ஓடிவரும். குமிழிக்குள் மூக்கை நுழைக்கும். ஆனால் இந்த நாற்பத்து நான்கும் வலது கோடியில், மூலையில், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டிருந்தன. பதினான்கு அடி இருக்க, இரண்டடியில் முடங்கியிருந்தன. காற்று இல்லாமல் தவிக்கவில்லை. காற்றைக் கண்டு ஓடின.

இடது கோடியில் மேல்மூடியை விரல் அளவு தூக்கி மூக்கை வைத்தேன். நெய், ஈர விறகு, கற்பூரம். தொட்டிக்குள்ளேயும் ஒரு ஹோமம் நடந்துகொண்டிருந்தது. குருக்கள் வளர்க்கும் அக்கினியின் புகையை, ஐந்தடி தள்ளி என் புளோயர் முழு பக்தியோடு உறிஞ்சி, மீன்களுக்கு ஊதிக்கொண்டிருந்தது. இடத்தைக் கோடு போட்டுக் கொடுத்தவன் நான்.

குனிந்து அலமாரிக்குள் கையை விட்டுப் புளோயரை நிறுத்தினேன். அந்த ரீங்காரம் நின்றதும் டாக்டர் தலையைத் திருப்பினார். தர்ப்பை போட்ட விரலோடு எழுந்துவர முடியாது. ஆனால் அவர் வருடக்கணக்காக வாயைத் துணியால் மூடிக்கொண்டு கண்ணால் மட்டுமே பேசிப் பழகியவர். அந்தக் கண் என்னைக் கேட்டது: ஆட்டம் கண்டுவிட்டதா? நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவரும் நோயாளிகளிடம் அப்படித்தான் செய்வார் என்பதால், அவர் அதை நம்பவில்லை.

புளோயர் இல்லாமல் அந்த மீன் கூட்டம் அதிக நேரம் தாங்காது. ஹோமத்தை நிறுத்துங்கள் என்று கேட்பதும் நடக்காத காரியம். கேட்டால் என் பெயர் அந்தச் சாலையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தலைமுறைக்கு இருக்கும். மிச்சம் இருப்பது ஒன்றுதான். வெளியிலிருந்து நல்ல காற்றைக் கொண்டுவர வேண்டும்.

"அண்ணே, வேன்ல டேங்க் காலி பண்ற தடி ஹோஸ் இருக்குல்ல. எடுத்துட்டு வாங்க."

"எங்க விடப்போற? முன்னுக்குப் பூரா சாம்பிராணி. பின்னுக்குப் போனா சமையல்காரன் அஞ்சு அடுப்பு விறகுல எரிக்கிறான்."

அவர் சொன்னது சரி. முன்னாலும் புகை, பின்னாலும் புகை. அந்த வீட்டில் மலையைப் பார்த்த ஒரே ஜன்னல், சாப்பாட்டு அறையை ஒட்டிய குளியலறை ஜன்னல். காலையில் வெயில் ஏறும்வரை மலையிலிருந்து காற்று இறங்கும். அந்த வீட்டில் ஆறு வாரம் கை கழுவியதில் நான் கவனித்திருந்த விஷயம் அது.

வேலு அண்ணன் ஹோஸை இழுத்துக்கொண்டு சுவரோரமாக வந்தார். ஒரு பெரியம்மா மந்திரம் கேட்டுக்கொண்டே காலைத் தூக்கி வழிவிட்டார். அண்ணன் ஹோஸின் ஒரு முனையைப் புளோயர் காற்றை உறிஞ்சும் வாயில் வைத்துத் தன் தோள்துண்டை நனைத்துச் சுற்றி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலமாரிக்குள் தலையை விட்டு உட்கார்ந்துவிட்டார். நான் மறுமுனையோடு குளியலறைக்குள் போனேன். அங்கே அடுத்த சோதனை. ஜன்னல் கொமோட்டுக்கு மேலே, உயரத்தில். ஹோஸோ வில் மாதிரி நிமிர்கிற சாதி. ஜன்னலில் வைத்துக் கையை எடுத்தால் துள்ளிக் கீழே விழுகிறது. யாராவது ஏறி நின்று பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் பிடித்தால் மீனை யார் பார்ப்பது?

"என்ன நடக்குது இங்க?"

வாசலில் என் மாமனார். நான் தொட்டியைவிட்டு நகர்ந்ததிலிருந்தே பின்னால் வந்திருக்கிறார். கையும் களவுமாகப் பிடிக்கும் நேரத்துக்கு வந்துவிட்ட முகம்.

"மீனுக்கு நல்ல காத்து வேணும், மாமா."

"மீன் தண்ணிக்குள்ளதானே கிடக்குது. அதுக்கென்னத்துக்குக் காத்து?"

"மாமா, இதுக்கு மேல ஏறி, இந்த முனையை ஜன்னலுக்கு வெளியில பிடியுங்கோ."

அவர் கொமோட்டைப் பார்த்தார். தன் பட்டு வேட்டியைப் பார்த்தார். "நானோ?"

"வேற ஆள் இல்லை. விட்டால் எல்லாம் செத்துப்போகும்."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் உத்தரவு மாதிரி பேசிய முதல் வாக்கியம் அது. பேசிய பிறகுதான் எனக்கே கேட்டது. மாமா கொமோட் மூடியைக் கீழே இறக்கினார், வேட்டியை மடித்துக் கட்டினார், என் தோளைப் பிடித்து ஏறினார். ஹோஸை வாங்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். தலைமைக் குமாஸ்தா ஒரு கோப்பைக் கையில் வாங்கினால் எப்படி வாங்குவாரோ அப்படி.

"எவ்வளவு நேரம்?"

"நெருப்பு அணையும்வரை."

ஹோஸுக்கு மட்டும் இடுக்கு விட்டுக் கதவைச் சாத்தி, புகை நுழையாமல் அந்த இடுக்கில் துணியை அடைத்துவிட்டு ஓடினேன். புளோயரைப் போட்டேன். குமிழி எழுந்தது. மூடியைத் தூக்கி முகர்ந்தேன். முதலில் நெய். கொஞ்ச நேரத்தில் நெய்யும் ஈரமண்ணும். அப்புறம் மழை பெய்த மலையின் வாசனை.

அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை. காத்திருப்பதுதான். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் ஜுரு ஸ்டோரில் என் மேசை எந்தப் பக்கம் போடப்பட்டிருக்கும் என்பதுவரை யோசித்துவிட்டேன். பிறகு ஒரு வெள்ளிச் சுறா கூட்டத்தைவிட்டு வெளியே வந்து, குமிழிப் பக்கம் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. இன்னொன்று போனது, அது திரும்பி வரவில்லை. லம்பாம்கள் ஒவ்வொன்றாக மட்டத்திலிருந்து இறங்கின. ஏழு மணிக்கு, இரண்டு கெலிசாவும் பதினான்கு அடியையும் அளப்பதுபோல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்க்கொண்டிருந்தன. கூட்டத்தில் ஓர் அக்கா, "கும்புட்டு முடிச்சிருச்சுங்க போல" என்றார்.

டாக்டரின் கண் மறுபடி என் பக்கம் வந்தது. இந்த முறை நான் கட்டைவிரலைத் தூக்கவில்லை. தொட்டியைக் கையால் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, நெய்க் கரண்டியை நெருப்புக்குக் கொடுத்தார்.

ஆனால் நெருப்பு அணைய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதாவது மாமா இறங்க முடியாது. அது வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. வீட்டில் நூறு பேர்; கீழ்த்தளத்தில் இருந்தது அந்த ஒரு குளியலறை. யாரோ தட்டினார்கள்.

"ஆள் இருக்கு" என்றது உள்ளிருந்து ஒரு கம்பீரமான குரல்.

கால் மணி கழித்து இன்னொருவர். "ஆள் இருக்கு."

அரை மணியில் வெளியே வரிசையே நின்றது. பெரியவருக்கு வயிறு சரியில்லையாம் என்று செய்தி சாப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து சமையல் கட்டுக்குப் போய், ஒரு குவளை ஓமத்தண்ணீராகத் திரும்பி வந்தது. அதைக் கதவோரம் வைத்துவிட்டு ஒரு பெண், "பாட்டா, வெளியில வச்சிருக்கேன், வந்து குடிங்க" என்றார். மாமா உள்ளிருந்து நன்றி சொன்னார். மீனுக்காகக் கொமோட்டில் ஏறி நிற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மானம் தப்பியிருக்கும். என் மானம் போயிருக்கும். அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் ஜுரு நிர்வாகி வந்தார். நான் அலமாரி அருகே வேலு அண்ணனுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலிருந்து எல்லாம் கேட்டது.

"கந்தையா, என்னப்பா, சுகமில்லையோ? டாக்டரைக் கூப்பிடவோ?"

"அவா பல் டாக்டர். எனக்கு ஒண்டுமில்லை. நீர் போய்ச் சாப்பிடும்."

"நான் வெளிக்கிடப் போறன், அதுதான். உம்மட மருமோன் முதலாம் தேதி வாறார்தானே? திங்கட்கிழமை பேர் குடுக்க வேணும்."

வேலு அண்ணன் காப்பிக் குவளையை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"வரமாட்டார்" என்றார் மாமா. "அந்த இடத்தை வேற ஆருக்கும் குடும்."

"ஏன், நீர்தானே கேட்டனீர்?"

"அவருக்கு இங்க பொறுப்பு இருக்கு. விட்டிட்டு வர ஏலாது. என்னோடயும் இப்ப நிண்டு கதைக்காதையும். நான் டியூட்டியில நிக்கிறன்."

ஜுரு நிர்வாகி சாத்திய கதவைச் சிறிது நேரம் பார்த்தார். ஓமத்தண்ணீரைக் கதவுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

எட்டு மணிக்குப் பூர்ணாகுதி முடிந்தது. நெருப்பு அணைந்து, கரியை வெளியே கொண்டுபோன பிறகு கதவைத் தட்டி, "மாமா, இறங்கலாம்" என்றேன். இறங்கினார். நேராகத் தொட்டிக்கு நடந்தார். கண்ணாடியருகே நின்று, உதடு அசைய எண்ணினார். ஓடுகிற மீனை எண்ணுவது லேசில்லை. இரண்டு முறை முதலிலிருந்து தொடங்கினார்.

"நாப்பத்தி நாலு" என்றார். "சரியோ?"

"சரி, மாமா."

டாக்டர் தர்ப்பையைக் கழற்றிக்கொண்டே வந்தார். ஹோஸ், துண்டு, நனைந்த அலமாரி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அங்கே நான் ஒரு கதை கட்டியிருக்கலாம். ஈர விறகைக் குறை சொல்லலாம், குருக்களைக் குறை சொல்லலாம். இரண்டும் வாய்வரை வந்தன. நம் தொழிலில் தண்ணீரைக்கூட ஏமாற்றலாம், வாடிக்கையாளரை ஏமாற்றினால் அடுத்த சர்வீசுக்கு அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். நடந்ததைச் சொன்னேன். குண்டத்தை இங்கே வைக்கச் சொன்னவன் நான் என்பதையும், ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

"ஆக, எல்லாரும் உங்க டேங்க பாக்கணும்னு."

"ஆமா, டாக்டர்."

"பாத்துட்டாங்க" என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கண்ணை அவ்வளவு எளிதில் படிக்க முடியாது. "அந்த அரை நிமிஷம் சும்மா நின்னீங்களே, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எந்தப் பல்லுன்னு தெரியாமப் பிடுங்கிறவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், தம்பி." பிறகு குரலை மாற்றி, "ஈப்போவுல என் தங்கச்சி வீடு கட்டுறா. அவளுக்கும் ஒண்ணு வேணுமாம். பதினாறு அடி. எவ்வளவு ஆகும்?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் பதில் வந்தது. என் மாமனார், மடித்துக் கட்டிய வேட்டியை இன்னும் இறக்காமல், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"முதல்ல வீட்டைப் பாக்க வேணும். ஜன்னல் எந்தப் பக்கம் எண்டு தெரியாமல் நாங்கள் விலை சொல்லுறேல்லை."